ஓட்டிசம் உள்ள பிள்ளையை வன்னியில் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே சேர்க்கலாமா?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: வன்னியில் மல்லாவிப் பக்கம் இருக்கிறீர்கள், மகனுக்கு ஐந்து வயது, ஓட்டிசம் என்று, அதாவது பேச்சிலும் பழகுவதிலும் வேறு மாதிரியான மூளை வளர்ச்சி என்று, சொல்லியிருக்கிறார்கள். வருகிற வருடம் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே தரம் ஒன்றில் விடுவதா, இல்லை யாழ்ப்பாணத்துக்கு வீடு மாறுவதா என்று கேட்கிறீர்கள். அம்மாவா அப்பாவா என்று எழுதவில்லை. இந்த மாதிரிக் கேள்வியை இரவு பதினொரு மணிக்குப் போடுகிறவர் அம்மாவாகத்தான் இருப்பார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஊரிலேயே விடுங்கள். பள்ளிக்கூடத்தை மட்டும் நினைத்து வீடு மாற வேண்டாம். எத்தனை தரம் மூட்டை கட்டிய சனம் நாங்கள், இதற்கும் ஒரு தரம் கட்ட வேண்டுமா?

நான் டொக்டர் இல்லை, ரீச்சரும் இல்லை. கிளிநொச்சியில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். என் தம்பிக்கு ஓட்டிசம், அவ்வளவுதான் என் தகுதி. ஒருத்தனை வைத்துக்கொண்டு ஊருக்கே புத்தி சொல்ல வந்துவிட்டாள் என்று எழுதப் போகிறவர்கள் எழுதுங்கள். ஒருத்தனை வைத்துத்தான் சொல்கிறேன்.

தம்பி பிறந்தது 2006 இல். அவன் கதைக்கத் தொடங்க வேண்டிய காலம் முழுக்கச் சண்டை, இடப்பெயர்வு, பங்கர் (பதுங்குகுழி), பிறகு இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாம். 2010 இல் தர்மபுரத்துக்குத் திரும்பி வந்தோம். அப்பா எங்களோடு வரவில்லை. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. நாலு வயதாகியும் தம்பியிடம் ஒரு சொல் இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். "ஷெல் சத்தத்தில் பயந்த பிள்ளை, போகப் போகச் சரியாகும்" என்று எல்லோரும் சொன்னார்கள். வீட்டுக்கு வந்த தொண்டு நிறுவன ஆட்களும் அதையேதான் எழுதிக்கொண்டு போனார்கள். ஆனால் எங்கள் ஒழுங்கையில், அதே பங்கருக்குள் கிடந்த அவன் வயதுப் பிள்ளைகள் வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டு திரிந்தார்கள். அதை ஒருவரும் யோசிக்கவில்லை. சண்டை பிள்ளைகளின் மனதை நொறுக்கும், அதை நான் மறுக்கவில்லை. அதற்காகப் பேச்சு வராத பிள்ளைக்கெல்லாம் அதுதான் காரணம் என்று எழுதிவிட்டால், உண்மையில் பார்க்க வேண்டியதை யாரும் பார்க்க மாட்டார்கள்.

உங்கள் மகன் சண்டை முடிந்து பத்து வருடத்துக்கும் பிறகு பிறந்தவன். அவனுக்கு வேறு காரணம் சொல்லியிருப்பார்கள்: போன் கொடுத்துக் கெடுத்தது, கொரோனா காலத்தில் அடைத்து வைத்தது, தடுப்பூசி. இதில் தடுப்பூசிக் கதைக்கு மட்டும் ஒரு வரி. அதைக் கிளப்பிய கட்டுரை 1998 இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது, 2010 இல் அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றுவிட்டது, எழுதிய டொக்டரின் பதிவையும் பிரித்தானியாவில் ரத்துச் செய்தார்கள். வளர்ப்புப் பிழையால் ஓட்டிசம் வராது. உங்கள் மாமி சொன்னாலும் வராது.

எங்கள் அம்மம்மா வசம்பு உரைத்து நாக்கில் தடவினார், நூல் கட்டினார், கண்ணூறு கழித்தார். அதனால் பேச்சு வரவில்லை, வருடங்கள்தான் போயின. நீங்கள் அந்த நேரத்தில் காது கேட்கும் திறனைச் சோதித்துவிடுங்கள். பேச்சு தாமதித்தால் முதலில் பார்க்க வேண்டியது காது. குடும்ப நல உத்தியோகத்தர் தரும் பிள்ளை சுகாதாரப் பதிவேட்டை எறிந்துவிடாதீர்கள், எந்த வயதில் எது வந்தது என்று எந்த கிளினிக்கிலும் கேட்பார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு பெண் டொக்டர்தான் எங்களுக்கு முதலில் "ஓட்டிசம்" என்று சொன்னவர். அம்மா அழவில்லை. "அப்ப இது என்ர பிழை இல்லையா?" என்று கேட்டார்.

2012 இல் தரம் ஒன்று. புதுப் பிள்ளைகளை வரவேற்கிற கால்கோள் விழா தெரியும்தானே? பலூன் கட்டிய வாசல், மாலை, பக்கத்துப் பெரிய பள்ளிக்கூடத்தில் இருந்து வந்த பாண்ட் குழு. முதல் மேளம் விழுந்த அடுத்த நிமிடம் தம்பி மாலையோடு வீதியில் ஓடுகிறான், பின்னால் நான், எனக்குப் பின்னால் அதிபர். உங்களுக்கு என் ஆலோசனை: அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். அல்லது மேளம் ஓய்ந்த பிறகு போங்கள். அதற்கு முதல், பள்ளிக்கூடம் வெறுமையாக இருக்கும் பின்னேரங்களில் கூட்டிக்கொண்டு போய் வகுப்பையும் கழிப்பறையையும் குழாயடியையும் காட்டுங்கள்.

அந்த நேரத்தில் வகுப்பு நடந்தது தகரக் கொட்டகையில். மாரி மழை தகரத்தில் கொட்டினால் எனக்கே காது அடைக்கும், அவன் மேசைக்குக் கீழே போய்விடுவான். ஆனால் அந்தக் கொட்டகையில்தான் அவன் நன்றாக இருந்தான். காரணம் ஒரு ரீச்சர். சாவகச்சேரிப் பக்கம் இருந்து நாளும் பஸ்ஸில் வந்து போனவர். விசேட கல்வியில் பயிற்சி எடுத்தவர் இல்லை. கரும்பலகையின் ஓரத்தில் காலையிலேயே நாலைந்து படம் கீறுவார்: விளக்கு, புத்தகம், பந்து, சோத்துக் கோப்பை, வீடு. ஒவ்வொன்றும் முடிய முடிய அழிப்பார். அடுத்து என்ன வரும், வீட்டுக்குப் போக இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது. இரண்டாம் தவணைக்குள் மற்றப் பிள்ளைகள், படம் இல்லாத நாளில் "ரீச்சர் இன்றைக்கு என்ன?" என்று கேட்கத் தொடங்கினார்கள். அங்கே மணி என்றால் மரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டு. அடிக்க முதல் ரீச்சர் தன் கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டுவார், தம்பி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தயாராகிவிடுவான். இதற்கெல்லாம் ஒரு சதம் செலவில்லை.

அவன் சொந்தமாக வசனம் பேச மாட்டான், கேட்டதைத் திருப்பிச் சொல்வான். பாண் விற்கிற ஓட்டோ வரும்போது போடுகிற அந்த மெட்டு இருக்கிறதே, பீத்தோவனுடையதாம், எனக்குப் பாண் மெட்டுத்தான். பத்து மணி ஆனால் அதை முனகுவான். ரீச்சருக்கு விளங்கிவிட்டது, பசிக்கிறது என்று சொல்கிறான். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்க விட்டார்.

தரம் மூன்றில் அவருக்கு இடமாற்றம். அடுத்து வந்தவருக்கு அதே மெட்டு குழப்படி. "பாட்டுப் பாடி வகுப்பைக் குழப்புறான், வந்து கூட்டிக்கொண்டு போங்கோ" என்று அம்மாவுக்குப் போன் வரும். அம்மா கிளிநொச்சியில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தார். இப்படி அடிக்கடி பாதியில் வந்தால் யார் வேலை கொடுப்பான்? அந்த வேலை போனது. ஓட்டிசத்தால் குடும்பம் கஷ்டப்படுகிறது என்பார்கள். எங்களைக் கஷ்டப்படுத்தியது அந்தப் போன் அழைப்புகள்.

வன்னியில் ஆசிரியர் கதை உங்களுக்குத் தெரியாததா? யாழ்ப்பாணத்தில் இருந்து கஷ்டப் பிரதேசச் சேவை என்று வருவார்கள், பஸ் பிந்தியது என்று முதலாம் பாடம் போகும், பஸ் போய்விடும் என்று கடைசிப் பாடம் போகும், காலம் முடிந்ததும் இடமாற்றக் கடிதம். பழகிய முகம் மாறினால் சாதாரணப் பிள்ளையே ஒரு மாதம் தடுமாறும். யாழ்ப்பாணத்து ஆட்களைக் குறை சொல்கிறாள் என்று வராதீர்கள், நான் புகழ்ந்த ரீச்சரும் அங்கிருந்து வந்தவர்தான். அவருக்கு இங்கே தங்க ஒரு நல்ல விடுதி இருந்திருந்தால் இன்னும் கொஞ்சக் காலம் இருந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

தரம் ஐந்தில் புலமைப்பரிசில் பரீட்சை. "அன்றைக்குக் காய்ச்சல் என்று கடிதம் தாங்கோ" என்று பள்ளிக்கூடத்தில் இருந்து சொன்னார்கள். எழுபது புள்ளிக்கு மேல் எடுத்தவர்களின் வீதம் அவனால் குறைந்துவிடுமாம். நான் அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். அதில் இரண்டு விஷயம்தான் போட்டேன். ஒன்று, வலுவிழந்த ஆட்களின் உரிமைகள் பற்றிய 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம்: இயலாமையைக் காட்டிக் கல்வி நிலையத்தில் சேர்ப்பதில் பாகுபாடு காட்டக் கூடாது. சேர்த்துவிட்டுப் பரீட்சை நாளில் வீட்டில் வைக்கச் சொல்வதும் அதே பாகுபாடுதான் என்று எழுதினேன். மற்றது, கட்டாயக் கல்வி வயது 2016 இல் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. ஆகவே "அஞ்சாம் வகுப்போடு நிப்பாட்டுங்கோ" என்று யாரும் சொல்ல முடியாது. கடிதம் போன அடுத்த கிழமை குரல் மாறிவிட்டது. தம்பி பரீட்சை எழுதினான். புள்ளி எழுபதுக்குக் கீழேதான், பள்ளிக்கூடம் இன்னும் இடிந்து விழவில்லை. பின்னாளில் சாதாரண தரப் பரீட்சைக்கு மேலதிக நேரம் கேட்கலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும். மருத்துவ அறிக்கை வேண்டும், விண்ணப்பம் போகும்போதே கேட்க வேண்டும்.

விசேட கல்வி அலகு, அதாவது இப்படியான பிள்ளைகளுக்கான தனி வகுப்பு, உள்ள பள்ளிக்கூடம் கிட்ட இருந்தால் போய்ப் பாருங்கள், நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த அலகில் இருந்து சாதாரண வகுப்புக்குப் போன பிள்ளை யார்? பெயர் சொல்லாமல் இழுத்தார்கள் என்றால் யோசியுங்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கேட்க வேண்டியது, தரம் ஒன்றை யார் எடுக்கப் போகிறார் என்பது. ஆரம்பப் பிரிவில் நாள் முழுக்க அந்த ஒருவரோடுதான் பிள்ளை இருக்கும். அவரை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு தேத்தண்ணி கொடுங்கள். பிள்ளைக்கு எது பிடிக்கும், எது பயம், பசித்தால் என்ன செய்யும் என்று அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். பத்துப் பக்கம் கொடுத்தால் யாரும் வாசிக்க மாட்டார்கள்.

இதற்குச் சம்பந்தம் இல்லாத ஒன்றும் சொல்ல வேண்டும், மனதில் கிடந்து எரிகிறது. வெளிநாட்டில் ஒருவருக்குப் பிறந்தநாள் என்றால் இங்கே பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுப் பார்சலும் கொப்பியும். நல்லது, பசித்த வயிறு நிறைகிறது. அதற்கு ஏன் பிள்ளையை பேனருக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுக்கிறீர்கள்? தம்பிக்கு பிளாஷ் வெளிச்சம் ஆகாது. கண்ணை மூடிவிட்டான் என்று திரும்பத் திரும்ப எடுத்து, பெயரோடும் ஊரோடும் "மாற்றுத்திறனாளி மாணவன்" என்று முகநூலில் போட்டார்கள். எங்களிடம் ஒரு சொல் கேட்கவில்லை. அந்தக் காசில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு சீலிங் அடித்திருக்கலாம். கிளினிக்குக்குப் போகிற தாய்மாருக்கு பஸ் காசு கொடுத்திருக்கலாம். உதவி செய்கிறவர்களைப் புண்படுத்துகிறாள் என்று சொல்வீர்கள். புண்பட்டால் படட்டும்.

வீட்டு விஷயத்தில் எல்லாவற்றுக்கும் முதல் கிணறு. உங்கள் வளவிலும் பக்கத்து வளவிலும் கட்டு இல்லாத கிணறு இருந்தால் இந்தக் கிழமையே மூடுங்கள், படலைக்குப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் கொளுக்கி போடுங்கள். இந்தப் பிள்ளைகள் சொல்லாமல் நடந்துவிடும், நிறையப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்றால் உயிர். வன்னியில் வாய்க்காலுக்கும் குளத்துக்கும் குறைவா? எங்கள் காலத்தில் அதோடு மிதிவெடிப் பயமும் இருந்தது. தம்பிக்கு மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைதான் விருப்பம், தூரத்தில் கண்டால் அதை நோக்கியே நடப்பான். அம்மா அவன் காலில் கொலுசு போட்டுவிட்டார். ஆம்பிளைப் பிள்ளைக்குக் கொலுசா என்று சிரித்த சனத்தை அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவனுக்கு இப்போது 19 வயது. வீட்டுக்குக் கிட்ட ஒரு நாற்றுமேடையில் வேலை செய்கிறான். பொலித்தீன் பைகளுக்கு மண் நிரப்பி, கன்று நட்டு, வரிசை பிசகாமல் அடுக்குவான். "தண்ணி ஊத்து" என்று மட்டும் சொன்னால் நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டே இருப்பான். "ஒரு பைக்கு அரைப் பேணி" என்று சொல்ல வேண்டும் என்று முதலாளி தானாகவே கண்டுபிடித்துவிட்டார். எல்லாப் பிள்ளைக்கும் இப்படி அமையும் என்று நான் சொல்லவில்லை. நாள் முழுக்க ஆள் பக்கத்தில் இருக்க வேண்டிய பிள்ளைகளும் இருக்கிறார்கள், அந்த வீடுகளுக்கு என் கதை உதவாது. பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் மாதாந்தக் கொடுப்பனவுக்குப் பதியச் சொல்லி மட்டும் அவர்களுக்குச் சொல்வேன்.

நான் எழுதிய கடிதத்தின் பிரதி இன்னும் இருக்கிறது. வேண்டுமென்றால் கேளுங்கள், பெயர் விலாசத்தை மறைத்துவிட்டுப் போடுகிறேன். எந்தக் கோயிலுக்கு நேர்ந்து வைத்தீர்கள், எந்தச் சாத்திரியிடம் காட்டினீர்கள் என்று கேட்பவர்களுக்குப் பதில் போட மாட்டேன். போன முறை போட்டுச் சண்டை பிடித்தது போதும்.