ரோஸ் அடித்தால் கோபம் அடங்குமா?

கேள்வி: பள்ளி விட்டு வந்ததுமே என் மகன் அடிதடியில் இறங்கிவிடுகிறான். அமெரிக்காவில் சிறைக்கு ரோஸ் அடித்து, கைதிகளின் கோபத்தை அடக்கினார்களாமே! இவன் அறைக்கும் அடிக்கலாமா? கலவை என்ன? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: பையனுக்கு நிறம் பிடித்திருந்தால் அடியுங்கள். கோபத்துக்கு மருந்தாக வேண்டாம்.

நீங்கள் கேள்விப்பட்டது 1979-ல் சியாட்டில் கடற்படைச் சிறையில் நடந்தது. ஆய்வாளர் அலெக்சாண்டர் ஷாஸ் சொன்ன யோசனை. அனுமதித்த அதிகாரிகள் பேக்கர், மில்லர் பெயரே நிறத்துக்கும் நிலைத்துவிட்டது. கால் மணி நேரம் அடைத்தால் ஆள் அடங்கிவிடுவார் என்று பேச்சு. வெள்ளை அறையோடு ஒப்பிட்டபோதுதான் சாயம் வெளுத்தது. சுவிட்சர்லாந்தில் விதி மீறிய 59 கைதிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேரை ரோஸ் அறையிலும் மீதிப் பேரை வெள்ளை அறையிலும் வைத்துக் காவலர்கள் மூன்று நாள் கவனித்தார்கள். முடிவு 2015-ல் வெளிவந்தது: இரண்டு அறையிலும் ஆத்திரம் தணிந்தது, ஒரே அளவில். அதனால் பையன் வீட்டுக்கு வந்ததும் சாப்பிட ஏதாவது கொடுத்து, அரை மணி நேரம் சும்மா விட்டுப் பாருங்கள்.

கலவை கேட்டீர்கள். ஒரு கேலன் வெள்ளைக்கு ஒரு பைன்ட் சிவப்பு, அதாவது எட்டுக்கு ஒன்று. 4 லிட்டர் வெள்ளை எமல்ஷனுக்கு அரை லிட்டர் சிவப்பு எமல்ஷன். சிவப்பு ஸ்டெய்னரை இந்த அளவில் ஊற்றிவிடாதீர்கள். அது வெறும் நிறச்சாறு, பெயின்ட் சரியாகக் காயாமல் கையில் ஒட்டும். மொத்தத்தையும் ஒரே வாளியில் கலக்க வேண்டும். பாதியில் தீர்ந்து மறுபடி கலந்தால் அதே நிறம் வராது, சுவர் திட்டுத்திட்டாகத் தெரியும். முதலில் ஒரு முழம் அடித்து, காய்ந்தபின் பகலிலும் பல்பு வெளிச்சத்திலும் பாருங்கள். மஞ்சள் பல்பில் ஆரஞ்சு அடிக்கும். சின்ன அறையில் நான்கு சுவருக்கும் அடித்தால் ஒன்றின் நிறம் இன்னொன்றில் பட்டு இன்னும் அடர்த்தியாகத் தெரியும். ஒரு சுவர் போதும்.

கேள்வி: பெண் என்றாலே ஏன் ரோஸ்? – வாசகர், மதுரை

பதில்: கடைக்காரர்கள் பழக்கியது. 1918-ல் அமெரிக்கக் குழந்தை உடை வியாபாரப் பத்திரிகை ஒன்று, ரோஸ் அழுத்தமான நிறம், ஆணுக்கு; நீலம் மென்மை, பெண்ணுக்கு என்று எழுதியது. அப்போது கடைக்குக் கடை வழக்கம் வேறு. இன்றைய வழக்கம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் ஊன்றியது. சென்னையில் 2022-ல் மகளிர் இலவசப் பேருந்துகளின் முன்னும் பின்னும் ரோஸ் அடித்தது வேறு கணக்கு: தூரத்திலேயே அடையாளம் தெரிய வேண்டும்.

கேள்வி: மாப்பிள்ளைக்கு ரோஸ் சட்டை எடுக்கலாமா? – வாசகி, நெல்லை

பதில்: ராஜஸ்தானில் மாப்பிள்ளை தலைப்பாகையே ரோஸில் கட்டுகிறார்கள். எடுங்கள்.