டூவீலர் கேள்வி-பதில்: புது பேட்டரி ஏன் நாலே மாசத்துல படுக்குது?

கேள்வி: சார், என்னோடது 110 சிசி ஸ்கூட்டர், கார்புரேட்டர் மாடல், 2018ல வாங்கினது. ஒரே வருஷத்துல ரெண்டு பேட்டரி மாத்தியாச்சு, இப்ப மறுபடியும் செல்ஃப் அமுக்கினா டிக் டிக்னு சத்தம் மட்டும் தான் வருது, கிக்கர் அடிச்சு தான் எடுக்குறேன். மெக்கானிக், இஞ்சின் ஓடும்போது கரண்ட் தயாரிக்கற காயில் செட்டே மாத்தணும்ங்கறார். வாரத்துல ரெண்டு நாள் தான் வண்டி வெளிய போகும். போன வருஷம் ஜிபிஎஸ் டிராக்கரும் மொபைல் சார்ஜரும் மாட்டினேன், அதுல ஒண்ணும் பிரச்சனை இல்ல. காயில் மாத்திடலாமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: கொஞ்சம் பொறுங்க சார். அதுல பிரச்சனை இல்லன்னு கடைசில ஒரு வரி எழுதிருக்கீங்க பாருங்க, எனக்கு சந்தேகமே அங்க தான். ஆனா சந்தேகத்த வச்சு எதையும் மாத்தக் கூடாது, அளந்து பாத்துட்டு தான் காசு செலவு பண்ணணும். ஒரு சாதா டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும், எலக்ட்ரிக்கல் கடைல கிடைக்கும்.

முதல்ல பேட்டரிய வெளில ஃபுல் சார்ஜ் போட்டு, சில மணி நேரம் சும்மா விட்டுட்டு மீட்டர டிசி 20 வோல்ட் ரேஞ்ச்ல வச்சு பாருங்க. 12.6ல இருந்து 12.8 காட்டினா நல்லா இருக்கு. ஃபுல் சார்ஜ் போட்டும் 12.2, 12ன்னு இறங்கிட்டா பேட்டரி செத்துடுச்சு, அத வச்சுக்கிட்டு மத்த டெஸ்ட் எதுவும் பண்ணாதீங்க, ரிசல்ட் எல்லாம் தப்பா தான் வரும். சும்மா இருக்கும்போது 12.7 காட்டி, செல்ஃப் அமுக்கினதும் 9, 8ன்னு விழுந்தாலும் அதே கதை தான்.

அடுத்து இஞ்சின் ஸ்டார்ட் பண்ணி, மீட்டர பேட்டரி டெர்மினல்லயே வச்சுக்கிட்டு ஆக்சிலேட்டர மெதுவா முறுக்குங்க. ஐடில்ல 13 கிட்ட இருந்து, முறுக்க முறுக்க 14, 14.5 வரை ஏறி அங்கயே நின்னா காயிலும் ஓகே, ஆர்ஆர் யூனிட்டும் (காயில் கரண்ட டிசியா மாத்தி அளவா பேட்டரிக்கு அனுப்பற ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்) ஓகே, உங்க மெக்கானிக் சொல்றத மரியாதையா கேட்டுட்டு, காயில் மாத்தாம வந்துடுங்க. எவ்ளோ முறுக்கினாலும் 12.5லயே நின்னா சார்ஜ் ஏறல. 15ஐ தாண்டி போச்சுன்னா ரெகுலேட்டர் அவுட், இது இன்னும் மோசம், பேட்டரி வயிறு உப்பிரும், பல்பு எல்லாம் அடிக்கடி போகும்.

சார்ஜ் ஏறலன்னா கூட உடனே காயில் மேல பாய வேண்டாம். முதல்ல ஃபியூஸ், அப்புறம் ஆர்ஆர் யூனிட்ட கழட்டி அதோட கப்ளர, அதாவது வொயர் சொருகற பிளக்க பாருங்க, பிளாஸ்டிக் உருகி பழுப்பா இருக்கா, பின்னுல பச்சை பூத்திருக்கா. மழைல நனையற வண்டிகள்ல பாதி கேஸ் இதுவும் லூஸ் எர்த்தும் தான். எர்த் பாக்க, இஞ்சின் ஓடும்போது பேட்டரி நெகட்டிவ்ல ஒரு முனை, இஞ்சின் இரும்புல ஒரு முனை, 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் போல்ட்ட கழட்டி தேய்ச்சு மாட்டுங்க. இதெல்லாம் சரியா இருந்தா தான் காயில். காயில்ல இருந்து வர்ற கப்ளர பிரிச்சு, இஞ்சின் ஓடும்போது மீட்டர ஏசி வோல்ட்ல வச்சு பாத்தா ஆக்சிலேட்டருக்கு தகுந்த மாதிரி வோல்ட் ஏறணும். இன்னொரு விஷயம், உங்கள மாதிரி பழைய டைப் வண்டிகள்ல பெரும்பாலும் காயிலோட ஒரு முனைய பாடிலயே எர்த் பண்ணிருப்பாங்க, அதனால மீட்டர ஓம்ஸ்ல வச்சா காயிலுக்கும் பாடிக்கும் தொடர்பு (கண்டின்யூட்டி) காட்டும், அத பாத்துட்டு காயில் ஷார்ட்னு தீர்ப்பு சொல்றவங்க இருக்காங்க. ஒரே கலர்ல மூணு வொயர் வர்ற த்ரீ ஃபேஸ் காயில்ல பாடிக்கு காட்டக் கூடாது.

இப்ப டிராக்கருக்கு வருவோம். சாவிய ஆஃப் பண்ணி, பேட்டரி நெகட்டிவ் வொயர கழட்டி, மீட்டர 10 ஆம்பியர் சாக்கெட்ல போட்டு, அந்த வொயருக்கும் டெர்மினலுக்கும் நடுவுல வைங்க. மறந்து போய் செல்ஃப அமுக்கிடாதீங்க, மீட்டர் காலி. எல்லாம் ஆஃப்ல இருக்கும்போது சில மில்லி ஆம்பியருக்கு மேல போகக் கூடாது. உங்களுக்கு 40 மில்லி ஆம்பியர் காட்டுதுன்னு வைங்க, கேக்க ஒண்ணுமே இல்லாத மாதிரி தான் இருக்கும், ஆனா ஒரு நாளைக்கு 24 மணி நேரம்னா கிட்டத்தட்ட 1 ஆம்பியர் ஹவர் (பேட்டரி கொள்ளளவ சொல்ற அளவு). உங்க பேட்டரியோ மொத்தமே அநேகமா 4 இல்லன்னா 5 ஆம்பியர் ஹவர் தான். மூணு நாள் நிறுத்தினா பாதிக்கு மேல போச்சு, ஓட்டைக் குடத்துல எவ்ளோ ஊத்தினாலும் நிக்குமா. இப்படி அடிக்கடி காலியாகிற பேட்டரி உள்ள சல்ஃபேட் படிஞ்சு சீக்கிரமே செத்துரும். மொபைல் சார்ஜர சாவி போட்டா மட்டும் கரண்ட் வர்ற வொயருக்கு மாத்துங்க, டிராக்கர்ல ஸ்லீப் மோட் இருந்தா ஆன் பண்ணுங்க.

கேள்வி: அண்ணே, 2012 மாடல் ஸ்கூட்டர், சிக்னல்ல நின்னா ஹெட்லைட் மங்குது, முறுக்கினா பளிச்சுங்குது. புது பேட்டரி போட்டும் அப்படியே இருக்கு.
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: தம்பி, அந்தக் கால ஸ்கூட்டர்கள்ல ஹெட்லைட் பெரும்பாலும் காயில்ல இருந்து நேரா வர்ற ஏசி கரண்ட்ல எரியறது, பேட்டரிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. உங்களுக்கு பேட்டரி வித்தவர் சொல்லிருக்கலாம். பெரிய வாட்ஸ் பல்பு போட்டா இன்னும் மங்கும், ஹோல்டரும் உருகும், கம்பெனி சொன்ன வாட்ஸே போடுங்க.

கேள்வி: எங்கிட்ட 2021 மாடல் எஃப்ஐ (கார்புரேட்டருக்கு பதிலா ஃபியூல் இன்ஜெக்ஷன்) ஸ்கூட்டர் இருக்கு. இஞ்சின் ஓடும்போது பேட்டரி வொயர கழட்டி, ஆஃப் ஆகலன்னா சார்ஜிங் நல்லா இருக்குன்னு கடைல டெஸ்ட் பண்ணாங்க. சரிதானா?
- வாசகி, மதுரை

பதில்: இல்லம்மா, ஐயோ. பேட்டரி தான் வோல்டேஜ் எகிறாம தாங்கிப் பிடிக்குது, அத ஓடும்போதே எடுத்தா எகிறி ஈசியூவும் (இஞ்சின கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர்) எல்இடியும் போக வாய்ப்பிருக்கு, ஈசியூ விலைக்கு எத்தனையோ பேட்டரி வாங்கிடலாம். அடுத்த தடவ சாவிய கைல எடுத்துட்டு, மீட்டர் இருந்தா மட்டும் தொடுங்கன்னு சொல்லிடுங்க. வீட்ல நீங்களே கழட்டறதா இருந்தா வண்டிய ஆஃப் பண்ணிட்டு முதல்ல நெகட்டிவ், மாட்டும்போது கடைசியா நெகட்டிவ். சார்ஜ் போட கார் சார்ஜர் வேண்டாம், 4 ஆம்பியர் ஹவர் பேட்டரிக்கு 0.4 ஆம்பியர்ல மெதுவா ஏத்தினா போதும்.