பதில் வந்தது ஒன்றே ஒன்று

கேள்வி: வீட்டிலிருந்தே திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறேன். பழைய வாடிக்கையாளர்கள், தோழிகள் கொடுத்த எண்கள் என்று 400 பேருக்கு எஸ்எம்எஸ் அனுப்பினேன். ஒருவர்தான் பதில் போட்டார். அதுவும் ‘என் நம்பர் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?’ என்று. செலவோ நான் போட்ட கணக்கைப்போல் மூன்று மடங்கு. எங்கே தப்பு? (அனுப்பிய செய்தியை இணைத்திருக்கிறேன்.)

பதில்: அந்த ஒருவர் கேட்டது நியாயமான கேள்வி. தோழிகள் கொடுத்த எண்களை இன்றைக்கே அழித்துவிடுங்கள். தானாக முன்வந்து உங்களிடம் எண் கொடுத்து, ‘செய்தி அனுப்பலாம்’ என்றும் சொன்னவர்கள் மட்டும் பட்டியலில் இருக்கட்டும். பல நாடுகளில் இது சட்டமும்கூட. 400 என்பது 60 ஆகலாம். ஆகட்டும்.

செலவு ஏன் எகிறியது? ஒரு எஸ்எம்எஸ் கொள்வது 140 பைட்தான் (பைட் என்பது கணினி தகவலை அளக்கும் அலகு). ஆங்கில எழுத்தென்றால் அதில் 160 இடம், தமிழென்றால் 70. தமிழ்ச் செய்தி 70ஐத் தாண்டினால் 67 இடம் கொண்ட துண்டுகளாக உடைந்து, துண்டுக்கு ஒரு கட்டணம் விழும். தமிழில் இன்னொரு சங்கதி: ‘கி’ நமக்கு ஓர் எழுத்து, கணினிக்கு இரண்டு, புள்ளி வைத்த எழுத்தும் அப்படியே. நீங்கள் ஆரம்பித்திருக்கும் ‘அன்பார்ந்த வாடிக்கையாளரே’ மட்டும் 24 இடம்! விஷயத்துக்கே வராமல் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. ஆங்கிலத்தில் எழுதித் தப்பிக்கலாம் என்றால், நடுவில் ஒரு ஸ்மைலி போட்டாலே அங்கும் 160 போய் 70 ஆகிவிடும்.

பணத்தை விடுங்கள், அந்த அன்பார்ந்த வாடிக்கையாளர் யார்? யாருமில்லை. போன் திரையில் முதலில் தெரிவது முதல் வரிதான். அதில் உங்களை அடையாளம் தெரிய வேண்டும். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

‘சென்ற ஆண்டு உங்கள் வீட்டுக்குத் திரைச்சீலை தைத்தவள் நான். வளையம் தேய்ந்திருந்தால் மாற்றித் தருகிறேன். வேண்டுமென்றால் 1 அனுப்புங்கள்.’

இது இரண்டு துண்டுக்குள் அடங்குகிறது. உங்கள் பெயரையும், ‘இனி செய்தி வேண்டாமென்றால் 0’ என்பதையும் சேர்த்தால் மூன்றாவது துண்டு பிடிக்கும். அந்தச் செலவுக்கு அஞ்ச வேண்டாம். 0 அனுப்பியவரை அன்றே நீக்கிவிடுங்கள்; ‘ஏன் வேண்டாம்?’ என்று திருப்பிக் கேட்காதீர்கள்.

செய்தியில் சுருக்கிய இணைப்புகள் (எங்கே போகும் என்று பார்த்தால் தெரியாத குட்டி இணைய முகவரிகள்) வேண்டாம். மோசடிக்காரர்கள் அதைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள், நல்லவர்கள் அனுப்பினாலும் கை தொடத் தயங்குகிறது. இரவிலும் விடியற்காலையிலும் அனுப்ப வேண்டாம், அதைச் சொல்ல வேண்டியதே இல்லை.

அப்புறம், 60 பேருக்கும் ஒரே நாளில் அனுப்பாதீர்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பேர் போதும். ‘1’ என்று பதில் வந்தால் அரை மணி நேரத்துக்குள் நீங்களே போனில் கூப்பிட முடிய வேண்டும். தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அனுப்பிவிட்டு மறுநாள் பார்த்தால், அவர் வேறு ஆளைக் கூப்பிட்டிருப்பார்.