ராத்திரி போன்ல கேட்ட சம்மதம்

கேள்வி: அயர்லாந்துல 2008-ல பேங்க் எல்லாம் சரிஞ்சப்ப காப்பாத்தின ஆளுங்கட்சிய ஜனங்க அடுத்த தேர்தல்லயே தூக்கி எறிஞ்சுட்டாங்களே, இன்னும் என்ன பொறுப்பு கேக்கணும்?

பதில்: தோத்தாங்க, உண்மைதான். 2011 பிப்ரவரியில ஃபியனா ஃபாயில் கட்சி வெறும் 20 சீட்டுக்கு இறங்குச்சு, பிரதமரா இருந்த பிரையன் கோவன் போட்டியே போடல. ஆனா தோக்குறது வேற, பதில் சொல்றது வேறங்க.

2008 செப்டம்பர் 29 ராத்திரி டப்ளின்ல பிரதமர், நிதியமைச்சர் பிரையன் லெனிஹன், அதிகாரிங்க எல்லாம் உக்காந்து பேசி, ஆறு பேங்கோட டெபாசிட்டுக்கும் கடனுக்கும் அரசாங்கமே ஜாமீன்னு முடிவு பண்ணாங்க. சுமார் 44,000 கோடி யூரோ, அந்த நாட்டோட ஒரு வருஷ மொத்த உற்பத்தியை விட ரெண்டு மடங்குக்கும் மேல. மத்த மந்திரிகளுக்கு விடியறதுக்குள்ள போன் போட்டு சம்மதம் வாங்கினாங்க. எவ்ளோ பெரிய முடிவு, நேர்ல ஒரு மந்திரிசபை கூட்டம் கூட இல்ல!

கடைசியில பேங்குகளுக்குள்ள கொட்டினது சுமார் 6,400 கோடி யூரோ, அப்ப இருந்ததே சுமார் 45 லட்சம் பேருதான், கைக்குழந்தையையும் சேத்தா தலைக்கு 14,000 யூரோ வருது. இதுல பாதிக்கிட்ட ஆங்கிலோ ஐரிஷ்ங்கிற ஒரே பேங்க் முழுங்குச்சு. மத்த பேங்க் பங்குகளை வித்து கொஞ்சம் திரும்ப வந்துச்சு, ஆங்கிலோல போனது போனதுதான். 2010 நவம்பர்ல ஐஎம்எஃப்ங்கிற சர்வதேச நாணய நிதியத்துகிட்டயும் ஐரோப்பாகிட்டயும் கை நீட்ட வேண்டியதாச்சு. அடுத்த பட்ஜெட்ல குறைந்தபட்ச சம்பளத்த மணிக்கு 8.65 யூரோலருந்து 7.65-க்கு வெட்டினாங்க பாருங்க, எனக்கு இன்னும் ஆறாத விஷயம் அதுதான். பேங்க் சரியற அளவுக்கு பில்டருக்கு கோடிக்கணக்குல கடன் கொடுத்தது ஹோட்டல்ல தரை துடைக்கிறவங்களா? புது அரசாங்கம் சில மாசத்துல அத திருப்பி கொடுத்துச்சு, ஆனா அப்ப கொண்டுவந்த சமூக வரி இன்னிக்கும் சம்பளத்துல பிடிக்கிறாங்க.

கேள்வி: பேங்க்காரன் பண்ண தப்புக்கு மந்திரி என்ன பண்ணுவாரு?

பதில்: வீடு கட்டினா வரிச்சலுகைன்னு அள்ளிக் கொடுத்து, பத்திரப்பதிவுல வர்ற வரிய நம்பியே பட்ஜெட் போட்டது மந்திரிங்கதானே. வீட்டு விலை ஏற ஏற கஜானா நெறைஞ்சுது, அப்ப யாரு போய் பேங்க்கிட்ட கடன் கொடுக்கறத நிறுத்துன்னு சொல்லுவா? ஆங்கிலோவோட தலைமை அதிகாரியா இருந்த டேவிட் டிரம்முக்கு 2018-ல ஆறு வருஷம் ஜெயில் கிடைச்சுது. எந்த மந்திரி மேலயும் கேஸ் போகல.

அதே 2008-ல பேங்க் சரிஞ்ச ஐஸ்லாந்துல மந்திரி மேலயே கேஸ் போச்சு. பிரதமரா இருந்த கெயிர் ஹார்டேவ தனி கோர்ட்ல நிறுத்தினாங்க, 2012-ல ஒரே ஒரு குற்றச்சாட்டுதான் நின்னுச்சு, நெருக்கடி பத்தி பேச மந்திரிசபையை கூட்டலங்கிறது. தண்டனை எதுவும் கிடையாது, இருந்தாலும் அவரு கூண்டுல நின்னு பதில் சொன்னாரு இல்லையா, நான் கேக்குறது அதத்தான். அயர்லாந்து பார்லிமென்ட் விசாரணைக்குழு அறிக்கை வந்தது 2016 ஜனவரியில. அந்த ராத்திரி நிதியமைச்சரா உக்காந்திருந்த லெனிஹன் 2011 ஜூன்லயே இறந்துட்டாரு.