இரண்டு குழுக்களின் ‘ஆம்/இல்லை’ பதில்களை ஒப்பிட்டதில் கை-ஸ்கொயர் (குழுவுக்கும் பதிலுக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கும் அளவு) 18.18 வந்தது ஏன்?

குழுவுக்கு 20 பேர் என்கிறீர்கள், அட்டவணையிலோ முதல் குழுவுக்கு ஆம் 60, இல்லை 40, இரண்டாவதற்கு 30, 70 என்று சதவீதம் இருக்கிறது. மென்பொருள் அதை 200 பேர் என்று எடுத்துக்கொள்ளும். மாதிரி ஐந்து மடங்கானால் கை-ஸ்கொயரும் ஐந்து மடங்கு.

தலை எண்ணிக்கையையே இடுங்கள்: 12, 8, 6, 14. எதிர்பார்க்கும் எண்ணிக்கை (தொடர்பே இல்லையென்றால் வர வேண்டியது) ‘ஆம்’ பத்திக்கு குழு அளவு × மொத்த ‘ஆம்’ ÷ மொத்த ஆட்கள், அதாவது 20×18÷40 = 9, ‘இல்லை’க்கு 11. ஒவ்வொரு கட்டத்திலும் வித்தியாசம் 3. அதன் வர்க்கத்தை எதிர்பார்க்கும் எண்ணிக்கையால் வகுத்துக் கூட்டினால் 9/9 + 9/11, இரண்டு குழுவுக்கு இரண்டு தடவை: 3.64. கட்டின்மைக் கூறு (சுதந்திரமாக மாறக்கூடிய கட்டங்களின் எண்ணிக்கை) 1-க்கு 5% எல்லை, அதாவது தொடர்பே இல்லாதபோது தற்செயலாகத் தாண்ட 5% வாய்ப்பே உள்ள மதிப்பு, 3.84. தாண்டவில்லை. அதற்காக ‘தொடர்பே இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள். 40 பேரை வைத்து அப்படிச் சொல்ல முடியாது.

ஆர் மென்பொருள் 2.53 காட்டினால் பதற வேண்டாம், 2×2 அட்டவணைக்கு அது யேட்ஸ் திருத்தத்தை (கை-ஸ்கொயரைச் சற்றுக் குறைக்கும் திருத்தம்) தானாகவே போட்டுவிடும். இரண்டு குழுவிலும் அதே ஆட்கள்தான் என்றால் மட்டும் மெக்னமார் சோதனைக்குப் போங்கள்.