கேள்வியும் பதிலும்: இளங்குதிரையின் முதற்போட்டி

கேள்வி: இங்கிலாந்தில் வசிக்கும் என் பெறாமகள் ஐந்து வயதுக் குதிரையொன்றைப் பழக்கி வருகிறாள். அடுத்த மாதம் அதனை முதன்முறையாக, குதிரையைக் குறித்த ஒழுங்கில் அடக்கமாக நடத்திக்காட்டும் ‘டிரெசாஜ்’ என்னும் போட்டிக்குக் கொண்டு செல்லவிருக்கிறாள். நான் நெடுங்காலம் மாட்டுவண்டிச் சவாரிப் போட்டிக்கு மாடு வளர்த்தவன் என்பதால், “பெரியப்பா, புது நாம்பனை (இளங்காளையை) முதன்முதலாகத் திடலுக்குக் கொண்டுபோகும்போது என்ன செய்வீர்கள்?” என்று தொலைபேசியில் கேட்டாள். பழகிய மாட்டோடு சேர்த்துப் பூட்டுவதையும், குரலாலும் கேட்டி என்னும் கம்பாலும் விரட்டுவதையும் சொன்னேன். மாட்டுக்குச் சொன்னது குதிரைக்குப் பொருந்துமா?
— வாசகர் ஒருவர், விசுவமடு

பதில்: பாதி பொருந்தும், மறுபாதி நேர் எதிராக நிற்கும்.

பொருந்துவதை முதலில் சொல்லிவிடுகிறேன். புது நாம்பனைப் பழகிய மாட்டோடு சேர்த்துப் பூட்டித்தான் நம்மவர்கள் வண்டிலுக்குப் பழக்குவார்கள். குதிரையும் கூட்டமாக வாழ்ந்து பழகிய விலங்கு. அச்சம் வந்தால் அது முதலில் தேடுவது தன் இனத்தில் இன்னொன்றைத்தான். ஆகவே, நிதானமான வயதுபோன குதிரையொன்றையும் அதே வாகனத்தில் ஏற்றிச் செல்வது நல்லது. முடியுமானால், போட்டிக்குப் பெயர் கொடுக்காமலே ஒரு நாள் அந்த இடத்துக்குக் கொண்டுபோய், ஒலிபெருக்கியையும் அந்நியக் குதிரைகளையும் பார்க்கவிட்டு, சிறிது நேரம் நடத்தி, புல் மேயவிட்டுத் திரும்பிவிடலாம். அந்த ஒரு நாள், வீட்டில் செய்யும் பத்து நாள் பயிற்சிக்கு ஈடாகும் என்பது என் எண்ணம்.

இனி, எதிராக நிற்பது. சவாரித் திடலில் வேகம் வெல்லும். வண்டிலோட்டியின் குரலும் கேட்டியும் மாட்டை விரட்டும். டிரெசாஜிலோ குதிரையோடு வாய்திறந்து பேசினாலே மதிப்பெண் குறைக்கப்படலாம். தொடக்கநிலைப் போட்டிகள் பெரும்பாலும் 40 மீற்றர் நீளமும் 20 மீற்றர் அகலமும் கொண்ட திடலில் நடக்கும். அதன் ஓரங்களில் ஏ, கே, ஈ, எச், சி, எம், பி, எஃப் என்ற எழுத்துகள் நிற்கும். குறித்த எழுத்தில் குறித்த செயலைச் செய்ய வேண்டும். இந்தச் செயல்களின் வரிசையையே ‘சோதனை’ என்பார்கள். ஒவ்வொரு செயலுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் உண்டு. மிக எளிய சோதனைகளில் நடையும் ‘டிரொட்’ என்னும் துள்ளோட்டமும் மட்டுமே இருக்கும். (குதிரையின் நடைகளை ஐங்கதி என்று வகுத்த மொழி நம்முடையது. ஆனால் அந்தப் பெயர்கள் ஏட்டோடு நின்றுவிட்டதால், டிரொட் என்றே எழுத வேண்டியிருக்கிறது.) தங்கள் பெறாமகள் எழுத்துகளின் ஒழுங்கை மறந்துவிடுவேனோ என்று அஞ்சினால், இங்கிலாந்தின் உள்நாட்டுப் போட்டிகள் பலவற்றில் இன்னொருவர் ஓரத்தில் நின்று சோதனையை உரத்து வாசிக்க அனுமதி உண்டு. வழி தவறினாலும் நடுவர் மணியடித்துத் திருத்துவார். முதல் தவறுக்குக் கழிவு சிறிதுதான்.

நான் வெளிநாட்டில் குதிரை லாயமொன்றில் வேலை செய்த காலத்தில், நாலு வயதுக் குதிரையொன்றை இப்படித்தான் முதற்போட்டிக்குக் கொண்டுபோனேன். கே என்ற எழுத்துக்கு முன்னால் யாரோ அழகுக்காக வைத்திருந்த பூச்சட்டியைக் கண்டதும் அது மூச்சை ஊதிக்கொண்டு நின்றுவிட்டது. நான் செய்த பிழை, அதன் தலையைப் பூச்சட்டியின் பக்கம் திருப்பி “பார், ஒன்றுமில்லை” என்று காட்ட முயன்றதுதான். குதிரையின் கண்கள் தலையின் இருபுறமும் இருப்பதால், முன்னே ஒரு சிறு இடமும் பின்னே ஒரு சிறு இடமும் தவிர மற்ற எல்லாவற்றையும் அது ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. அஞ்சும் பொருளிலிருந்து தலையைச் சற்றே திடலின் உட்பக்கமாகத் திருப்பி, ஏறியிருப்பவர் தன் உட்புறக் காலால் மெல்ல அணைத்து, முன்னோக்கி நடத்திக்கொண்டே போக வேண்டும். சோதனை தொடங்கும் மணி அடிக்கும் முன் திடலின் வெளிப்புறமாகச் சுற்றிவரப் பெரும்பாலும் இடம் தருவார்கள். அந்த நேரத்தில் பூச்சட்டிகளையும், சி என்ற எழுத்துக்குப் பின்னால் நடுவர் இருக்கும் இடத்தையும் இரு பக்கங்களிலிருந்தும் காட்டிவிட வேண்டும். ஒரு பக்கமாகக் கண்டதை மறுபக்கமாகக் காணும்போது, புதிதாகக் கண்டது போலவே மிரளும் குதிரைகள் பல உண்டு.

உள்ளே நுழைந்ததும் நடுக்கோட்டில் நேராகப் போய்த் தலைவணங்க வேண்டும். பயந்த குதிரையைப் பயந்த பிள்ளை மெதுவாகத்தான் ஓட்டும். மெதுவாகப் போகும் சைக்கிள் ஆடுவது போல அதுவும் கோட்டின் இருபுறமும் ஆடும். சற்றுத் துணிந்து முன்னே விட்டால் தானாகவே நேராகும். அதைவிட முக்கியமானது, கடிவாள வாரைத் தளர்த்திக் கழுத்தை நீட்டவிட்டு நடத்தும் பகுதி. பல தொடக்கநிலைச் சோதனைகளில் இதற்கு இரட்டிப்பு மதிப்பெண் உண்டு. பதற்றத்தில் வாரை விடாமல் பிடித்துக்கொண்டே இருப்பவர்கள் அந்த மதிப்பெண்ணை இழந்துவிடுகிறார்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: குதிரை துள்ளுகிறது என்பதற்காக, போட்டிக்கு முன் ஒரு மணி நேரம் வட்டமாக ஓட்டிக் களைக்கவைக்கக் கூடாது. ஐந்து வயதில் முதுகெலும்பின் வளர்ச்சி முற்றாக முடிந்திருப்பதில்லை. மேலும் களைத்த குதிரை கற்றுக்கொள்வது, அந்த இடம் துன்பமான இடம் என்பதை மட்டுந்தான். கால் மணி நேரம் நீண்ட கயிற்றில் பிடித்து நடக்கவும் ஓடவும் விட்டு, பின்பு ஏறி நடத்தினால் போதும். முதல் முறை மொத்த மதிப்பெண்ணில் 60 சதவீதத்தை எட்டினால் நல்லது. எட்டாவிட்டாலும், நடுவர் ஒவ்வொரு செயலுக்கும் குறிப்பெழுதிய தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வரட்டும். அடுத்த மூன்று மாதப் பயிற்சியில் எதைக் கவனிக்க வேண்டும் என்பது அதில் இருக்கும்.

கேள்வி: எனக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. குதிரையைக் காலால்தான் நடத்துவார்கள் என்கிறார்கள். அப்படியானால் இந்த விளையாட்டு என்போன்றவர்களுக்கு இல்லையா?
— வாசகர் ஒருவர், முள்ளியவளை

பதில்: இருக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்ட்டல் இளம்பிள்ளை வாதத்தால் முழங்கால்களுக்குக் கீழே செயலிழந்தவர். குதிரையில் ஏறவும் இறங்கவும் பிறர் உதவி அவருக்கு வேண்டியிருந்தது. ஒலிம்பிக் டிரெசாஜில் பெண்களை முதன்முறையாகச் சேர்த்துக்கொண்ட 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கியில் அவர் வெள்ளிப்பதக்கம் வென்றார். காலால் சொல்ல முடியாததை இருக்கையின் பாரத்தாலும் முதுகின் அசைவாலும் குதிரைக்கு உணர்த்தலாம் என்பதை அவர் செய்தே காட்டினார். 1996 முதல், மாற்றுத்திறனாளிகளுக்கான பராலிம்பிக்கிலும் டிரெசாஜ் உண்டு. காலின் வேலையைச் செய்யச் சவுக்குப் பயன்படுத்த அங்கே அனுமதிக்கிறார்கள். ஆனால், மேலே விசுவமடு வாசகருக்குச் சொன்ன ஐந்து வயதுக் குதிரையில் தாங்கள் தொடங்க வேண்டாம். பதினைந்து வயதைத் தாண்டிய, எதற்கும் அசையாத குதிரையொன்றைத் தேடுங்கள்.