வந்த விலங்கைப் பட்டியில் எத்தனை நாள் வைப்பது?

கேள்வி: மீட்டெடுத்த புல்வெளிக் காடு ஒன்றில், முன்பு அங்கே வாழ்ந்து அற்றுப்போன காட்டுமாடுகளை வேறு காட்டிலிருந்து கொண்டுவந்து விடும் திட்டத்தில் வேலை செய்கிறேன். லாரி வந்து நின்றதும் கூண்டைத் திறந்துவிட்டால் போதும் என்கிறார் ஒருவர். மூன்று மாதமாவது அடைத்து வைக்கச் சொல்கிறார் இன்னொருவர். எதைக் கேட்பது?

பதில்: காட்டுமாட்டுக்குப் பட்டி வேண்டும், மூன்று மாதம் வேண்டாம். மூன்று முதல் ஆறு வாரம் என்று திட்டமிடுங்கள். தேதியை முன்கூட்டியே யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

விலங்கைப் புது இடத்துக்குப் பழக்கத்தான் பட்டி என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதிதான். வந்த வழியே திரும்பிப் போகும் வேகத்தைத் தணிப்பதுதான் அதன் முதல் வேலை. 2009-இல் மத்தியப் பிரதேசத்தின் பென்ச் காட்டிலிருந்து பன்னா காட்டுக்குக் கொண்டுபோன ஆண்புலி, விட்ட சில நாட்களிலேயே பென்ச் இருக்கும் திசையில் நடையைக் கட்டியது. அதைத் தேடிப் பிடித்துத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. 2023 ஏப்ரலில் சின்னக்கானலிலிருந்து பெரியாறு காட்டில் விடப்பட்ட அரிக்கொம்பன் யானை ஒரே மாதத்தில் கம்பம் நகருக்குள் நின்றது.

அடுத்த வேலை கூட்டத்தை ஒட்டவைப்பது. உயிர்க்காட்சிசாலைகளில் பிறந்த அரேபிய ஓரிக்ஸ் மான்கள் 1980-இல் ஓமனுக்கு வந்தன. முதல் பத்து வெளியே போனது 1982 ஜனவரியில்தான். ஒன்றையொன்று அறியாத விலங்குகள் ஒரு மந்தையாக அத்தனை காலம் பிடித்தது. உங்களுடையவை காட்டிலேயே பிறந்தவை. ஒரே மந்தையாகப் பிடித்து வந்தால் இந்தச் செலவு பெரிதும் மிச்சம். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிடித்து எண்ணிக்கையை நிரப்பினால் ஆறு வாரமும் போதாது.

பட்டியே இல்லாமல் வென்ற திட்டமும் உண்டு. 1995-இல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோனில் 14 ஓநாய்களைக் குடும்பம் குடும்பமாகச் சுமார் பத்து வாரம் அடைத்து வைத்தார்கள். அதே ஆண்டு ஐடஹோவில் 15 ஓநாய்களை நேராகத் திறந்துவிட்டார்கள். இரண்டு இடத்திலும் ஓநாய் நிலைத்தது. துணை தேடித் தனியே அலையும் இயல்புள்ள இளம் வேட்டைவிலங்குக்குப் பட்டி அவசியமில்லை. மந்தையாக வாழும் மேய்ச்சல் விலங்குக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

மூன்று வாரத்துக்குக் குறையாமல் ஏன் என்றால், காரணம் இரண்டு. பிடிக்கும்போது ஓடிய ஓட்டத்திலும் பயத்திலும் தசைகள் சிதையும் நோய் உண்டு. அன்றே கொல்லலாம், பல நாள் கழித்தும் கொல்லலாம். நடையில் விறைப்பு, காப்பி நிறத்தில் சிறுநீர் தெரிந்தால் மருத்துவர் உடனே பார்க்க வேண்டும். திறந்த காட்டில் இதையெல்லாம் யார் கவனிப்பது? மற்றது வயிறு. அசைபோடும் விலங்கின் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் புதுத் தீவனத்துக்கு மாற இரண்டு மூன்று வாரம் ஆகும். முதல் பத்து நாளுக்குப் பழைய காட்டின் புல்லையே கட்டுக்கட்டாகக் கொண்டுவாருங்கள். பிறகு உள்ளூர்ப் புல்லைக் கலந்து கூட்டுங்கள். இளைத்திருக்கிறதே என்று இரக்கப்பட்டுத் தானியம் போடாதீர்கள். இரைப்பை புளித்து மாடு சாகும்.

தண்ணீரைச் சோதிக்காமல் பட்டிக்கு இடம் குறிக்காதீர்கள். 2018-இல் கென்யாவின் சாவோவுக்கு மாற்றிய 11 கறுப்புக் காண்டாமிருகங்களில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. உப்பு மிகுந்த நிலத்தடி நீர் தாகத்தைக் கூட்ட, அவை மேலும் அதையே குடித்தன. கடைசி ஒன்றைச் சிங்கங்கள் தாக்கின. வாய்க்குப் பிடிக்கிறதா என்று பார்ப்பது சோதனை ஆகாது. ஆய்வகத்தில் உப்பின் அளவு தெரிய வேண்டும், கோடையிலும் ஒருமுறை.

வேலி இரண்டரை மீட்டர் உயரமாவது இருக்கட்டும். வெறும் கம்பிவலை ஆபத்து. மிரண்ட மாட்டின் கண்ணுக்கு வலை தெரியாது, முட்டிக் கழுத்தை ஒடித்துக்கொள்ளும். ஒளி ஊடுருவாத துணியைச் சுற்றிலும் கட்டினால் அதைச் சுவரென்று நினைத்து ஒதுங்கும். மூலைகளை வளைவாக அமையுங்கள். கூர்மூலையில் மந்தை நெரிந்து கன்றுகள் நசுங்கும். உள்ளே தடுப்பு போட்ட தனி அறை ஒன்று கட்டாயம் வேண்டும். காட்டில் தோற்ற காளை ஓடித் தப்பும், பட்டியில் ஓட இடமில்லை. வளர்ந்த காளைகளைத் தனித்தனிக் கூண்டில் ஏற்றி வந்து, பட்டியிலும் ஒரே ஒரு பெரிய காளையை மட்டும் மந்தையோடு விடுங்கள்.

நாள் நீள நீளப் பட்டியும் கெடும். சாணம் சேர்ந்து குடற்புழு பெருகும், ஈ மொய்க்கும், தீவனம் போடும் ஆளைக் கண்டு மாடு ஓடாமல் நிற்கப் பழகும். அந்தப் பழக்கம்தான் பின்னாளில் வயலுக்குள் இறங்கும். தீவனம் போடும் இடத்தை அடிக்கடி மாற்றுங்கள். வேலைக்கு இரண்டு பேருக்கு மேல் வேண்டாம், பேச்சும் வேண்டாம்.

திறக்கும் நாளை நாள்காட்டி சொல்லாது. வேலியோரம் நடையாய் நடப்பது நின்று, நண்பகலில் எல்லாம் ஒன்றாகப் படுத்து அசைபோட்டால் மந்தை தயார். வெளியே பசும்புல் இருக்கும் பருவமாகப் பாருங்கள். காய்ந்த காட்டில் விட்டால் புல் தேடியே சிதறிவிடும்.

வாசலைத் திறந்ததும் துள்ளிக்கொண்டு ஓடும் என்று எதிர்பார்க்காதீர்கள். யெல்லோஸ்டோனில் கதவைத் திறந்தபோது ஓநாய்கள் அந்தப் பக்கமே வரவில்லை, அது மனிதர்கள் வந்துபோன வழி. கடைசியில் வேலியில் வேறு இடத்தில் துளை வெட்டினார்கள். ஆகவே ஆள் நடமாட்டத்துக்கு எதிர்ப்புறம் வேலியில் ஒரு பகுதியைக் கழற்றும்படி முதலிலேயே அமையுங்கள். விடியற்காலையில் கழற்றிவிட்டு விலகுங்கள். விரட்டாதீர்கள். விழாவும் புகைப்படக்காரர்களும் இருந்தால் அன்று திறக்கவே வேண்டாம்.

ரேடியோ கழுத்துப்பட்டையை மந்தை பின்தொடரும் மூத்த பசுவுக்கு முதலில் மாட்டுங்கள். அதன் இருப்பிடம் தெரிந்தால் மந்தையின் இருப்பிடம் தெரியும். 2023 மழைக்காலத்தில் மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டில் தடித்த ரோமத்துக்கும் பட்டைக்கும் அடியில் புண் வந்து, புழு வைத்து, ரத்தத்தில் நச்சேறிச் சிவிங்கிப்புலிகள் இறந்ததை மனதில் வையுங்கள். மழைக்காலம் முழுவதும் தொலைநோக்கியில் கழுத்தைப் பாருங்கள்.

மந்தை வெளியேறிய பிறகும் சில வாரங்கள் பட்டிக்குள் தண்ணீர் நிரம்பியிருக்கட்டும், புல்லை மட்டும் குறைத்துக்கொண்டே வாருங்கள். வேலியைப் பிரிக்க வேண்டாம். அடுத்த மந்தை வரும் முன் சாணத்தை வாரி, ஒரு கோடையாவது நிலத்தைக் காயவிட்டு மறுபடி பயன்படுத்தலாம்.